வாய்க்கு வராத பேர், வாயை விட்டுப் போகாத சொல்

வயசான சனங்கள் பேர் மறந்து தடுமாறுவதை நாம் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை. 'கெழவிக்கு ஓர்மை போச்சு' என்று ஒரு வாக்கில் முடித்துவிடுகிறோம். ஓர்மை அப்படி மொத்தமாகப் போவதில்லை. சில சொற்கள் முதலில் போகின்றன. சில சொற்கள் கடைசிவரை நிற்கின்றன. எது போகிறது, எது நிற்கிறது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கில் மூளைக்கும் வயசுக்கும் பங்கு உண்டு. சாதிக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நமது வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் காகிதத்தில் ஏறவில்லை. எண்பது, தொண்ணூறு வயசுக் கிழவிகளின் வாயில்தான் இருக்கிறது. ஆகவே இதை வைத்தியர்கள் மட்டும் பேசினால் போதாது.

எங்கள் ஊர் பேச்சிப்பாறை. 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த அணை இருக்கிற ஊர். அணையைக் கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் பேர் ஊரில் பலருக்கும் தெரியும். அவருடைய கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பேரை நான் எந்தக் கல்லிலும் பார்த்ததில்லை. அணைத் தண்ணீர் பாய்ந்து விளைந்த நாஞ்சில் நாட்டு வயல்களில் நாற்று நட்டவர்களின் பேரும் அப்படித்தான். ஒரு பேரை நாலு பேர் தினமும் சொன்னால் அது நிற்கும். சொல்ல ஆளில்லாத பேர் போய்விடும். ஊருக்கு உள்ள இதே விதிதான் ஒரு மனுஷியின் மூளைக்கும் என்பதைப் பாட்டியிடம்தான் பார்த்தேன்.

பாட்டி என் அம்மாவைப் பெற்றவள். பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. திருவிதாங்கூரில் நம்ம சனங்களுக்குக் கோயிலைத் திறந்துவிட்டபோது, அதாவது 1936-இல், கைக்குழந்தையாக இருந்தாளாம். அந்தக் கணக்கில் 90-க்குப் பக்கம். சின்னப் பிள்ளையில் கீழே வயல்காட்டில் ஏமான் வீட்டு வேலை. கலியாணத்துக்கு அப்புறம் மலையேறி ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டு. விடியும் முன்னே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓடி வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் பேச்சில் அவளுக்கு இருந்த சொற்களுக்குக் கணக்கே கிடையாது. வைய ஆரம்பித்தால் கங்காணி ரெண்டு வரிசை மரம் தள்ளிப் போய்விடுவான் என்று சொல்வார்கள்.

கடந்த சில வருஷமாக அந்த வாய் தடுமாறுகிறது. முதலில் ஆள் பேர் போயிற்று. அம்மாவைப் பார்த்து, 'எளா... அவ... கடைசிக்காரி... மழையில பெத்தேனே, அவ' என்பாள். எந்த மழையில் பெற்றாள், யார் மருத்துவம் பார்த்தது, எத்தனை நாள் கழித்து மறுபடி கத்தி எடுத்தாள், எல்லாம் சொல்வாள். பேர் மட்டும் வராது. ஒருநாள் எரிச்சலோடு சொன்னாள்: 'எனக்க மவளுக்க பேரு எனக்குத் தெரியாதா பிள்ளே? தெரியும். நாக்குல நிக்கி. வெளிய வரமாட்டேங்கு.'

பாட்டி சொன்னதில் ஒரு ஆராய்ச்சியே அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1966-இல் இந்த 'நாக்கு நுனியில் நிற்கிற' நிலையைச் சோதித்துப் பார்த்தார்கள். சொல் வராமல் தவிக்கிறவர்களுக்கு அந்தச் சொல்லின் முதல் எழுத்து, அது எத்தனை அசை என்பது பல நேரம் தெரிந்திருந்தது. 1991-இல் டெபோரா பர்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் வயசானவர்களிடம் இந்தத் தவிப்பு கூடுவதைக் காட்டினார்கள். அதிலும் ஆள் பேரில் அதிகம். அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. சொல்லின் அர்த்தம் ஓரிடத்தில், சொல்லின் ஒலி வேறோரிடத்தில். ரெண்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு தொடர்பு. நடக்க நடக்கப் பாதை தெளியும். நடக்காத பாதையில் புல் மூடும். வயசாக ஆக எல்லாப் பாதையும் கொஞ்சம் மங்குகிறது. அர்த்தம் அழிவதில்லை. அர்த்தத்திலிருந்து ஒலிக்குப் போகிற வழிதான் மறிபடுகிறது.

ஆள் பேர் ஏன் முதலில் மறிபடுகிறது? 'கத்தி' என்றால் வெட்டுவது, கூர், கைப்பிடி, ரத்தம் என்று பல பக்கத்திலிருந்தும் அந்தச் சொல்லுக்கு வழி வரும். ஆள் பேருக்கு அப்படி இல்லை. ஒருத்தியைப் பற்றி நமக்கு என்னென்னவோ தெரியும். ஆனால் அவள் பேருக்குப் போக ஒற்றை நூல்தான். அது அறுந்தால் வேறு வழி கிடையாது. இது மேல்சாதிக் கிழவிக்கும் நடக்கும். வயசு சாதி பார்ப்பதில்லை.

ஆனால் அந்த ஒற்றை நூல் எத்தனை தடவை இழுபட்டது என்பதைச் சாதி பார்த்திருக்கிறது. நமது பேரை யார் சொன்னார்கள்? ஏமான் வீட்டில் சாதிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எஸ்டேட்டில் வரிசை நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். 'எளா', 'எடீ' என்று கூப்பிட்டார்கள். பாட்டியின் சொந்தப் பேரை அவள் வாழ்நாளில் உரக்கச் சொன்னவர்கள் அவளுடைய அப்பா அம்மா, பிறகு சர்ச் பாதிரியார், பிறகு ரேஷன் கடைக்காரர். இப்போது அவளிடம் பேர் கேட்டால் கொஞ்ச நேரம் யோசிக்கிறாள்.

தாத்தாவின் பேர் இன்னும் வேறு விஷயம். பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பது அவள் காலத்து வழக்கம். பாட்டி ஒருநாளும் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்காகக் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்றவளைத்தான் சொல்லச் சொன்னாளாம். ஆகவே அந்தப் பேருக்கு அர்த்தத்திலிருந்து நாக்குக்குப் பாதையே வெட்டப்படவில்லை. காதிலிருந்து மனசுக்கு மட்டும் பாதை உண்டு. சென்ற வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எஸ்டேட்டில் வேலை பார்த்த ஆண்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலாவதோ ஐந்தாவதோ தாத்தா பேர். முகம் மாறிவிட்டது. சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'அவரு நல்லா வெட்டுவாரு. ஒரு மரத்துலயும் காயம் இருக்காது' என்றாள். மரத்தில் காயம் படாமல் வெட்டுவதுதான் நல்ல பால்வெட்டுக்காரனுக்கு அடையாளம்.

சொல்லை எடுப்பது வேறு, சொல்லை அறிவது வேறு. எடுக்க முடியாதவர்களால் அறிய முடியும். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் கிழவிக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள்.

இனிப் போகாத சொல்லைப் பற்றி.

என் மகன் ஒருநாள் வெள்ளைச் சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பி வந்தான். திண்ணையில் இருந்த பாட்டி தடுமாறி எழுந்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 'ஏமானே' என்றாள். தன் பேத்தி பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள். அவன் அப்படியே நின்றுவிட்டான். பெற்ற மகளின் பேர் வராத வாயில் அந்தச் சொல் ஒரு தட்டுத் தடங்கலும் இல்லாமல் வந்தது.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி 1871-இல் வெளியிட்ட புத்தகத்தில் நம்ம சனங்கள் பேச வேண்டியிருந்த பேச்சைப் பதிவு செய்திருக்கிறார். 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளைக் கன்று என்றும் குரங்கு என்றும் சொல்ல வேண்டும். பேசும்போது மூச்சுக் காற்று பட்டுத் தீட்டாகாமல் இருக்க வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்து அரசு உத்தரவு போட்டது 1855-இல். மேட்டீர் புத்தகம் வந்தது அதற்கு 16 வருஷம் கழித்து. உத்தரவு காகிதத்தில் இருந்தது. பேச்சு வாயில் இருந்தது. அந்தப் பேச்சின் கடைசித் துணுக்கை, அந்தக் கையோடு சேர்த்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் பார்த்தேன்.

இதற்கும் மூளைக்கூறு உண்டு. சின்ன வயசில் படிந்த சொல் கடைசியில்தான் போகும். அதிகம் சொன்ன சொல்லும் அப்படித்தான். அதற்கும் மேலே ஒரு வகை இருக்கிறது. எண்ணிக்கை, ஜெபம், பாட்டு, கெட்டவார்த்தை, கும்பிடு இவையெல்லாம் யோசித்து எடுக்கிற சொற்கள் அல்ல. பழகிப்போய்த் தானே வருபவை. பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள்கூட ஒன்று ரெண்டு மூணு என்று எண்ணுவார்கள், பழைய பாட்டைப் பாடுவார்கள், வைவார்கள். ஏமானே என்பது பாட்டிக்கு அந்த வகைச் சொல்லாகிவிட்டது. ஐந்து வயசிலேயே அடித்தும் பயமுறுத்தியும் ஏற்றிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னாளோ. சாதி ஒரு சொல்லை எவ்வளவு ஆழத்தில் புதைத்திருக்கிறது என்பதை அளக்க இதைவிட வேறு கோல் வேண்டுமா?

அதே ஆழத்தில் வேறு சரக்கும் கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பாரி நிற்கிறது. தொடங்கிக் கொடுத்தால் ஒரு அடி பிசகாமல் அழுது முடிப்பாள். சர்ச் பாட்டு நிற்கிறது. கங்காணியை வைத வசவு நிற்கிறது, அதுவும் முழுசாக. கைக்கும் ஓர்மை இருக்கிறது. வெட்டுக்கத்திக்குப் பேர் வராதபோது அவள் கை காற்றில் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்கும். மரத்தில் பட்டை சீவுகிற சரிவு அது. ஆகவே அடிமைச் சொல் மட்டும்தான் மிச்சம் என்று யாரும் கவிதை எழுத வேண்டாம்.

பாட்டியை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெளி மாவட்டத்திலிருந்து வந்த சின்ன வயசு டாக்டர். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கையில் கேள்வித்தாள். இன்று என்ன தேதி? இது எத்தனையாவது மாடி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு படங்கள். முறத்தைக் காட்டினார். பாட்டி யோசித்து 'சொளவு' என்றாள். துடைப்பத்தைக் காட்டினார். 'வாரியல்' என்றாள். இரண்டும் எங்கள் ஊர்ப் பேச்சில் சரியான சொல். தாளில் இரண்டுக்கும் பெருக்கல் குறி விழுந்தது. நான் எடுத்துச் சொன்ன பிறகு அடித்துத் திருத்தினார். கூட ஆளில்லாமல் வருகிற கிழவிகளுக்கு யார் திருத்துவார்கள்?

உலகம் முழுக்கப் பரவியிருக்கிற இப்படியொரு சோதனையை 1975-இல் அமெரிக்காவில் உண்டாக்கினார்கள். மொத்தம் 30 மதிப்பெண். படிக்க, எழுத, கழித்தல் கணக்குப் போட, வரைபடத்தைப் பார்த்து வரைய அதில் கேள்வி உண்டு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் உட்காரும் முன்பே அந்த மதிப்பெண்களை இழந்துவிடுகிறாள். ஓர்மை போனதற்கு இல்லை, பள்ளிக்கூடம் போகாததற்கு. இதைப் புரிந்துகொண்டு ஹரியானா மாநிலம் பல்லப்கரில் எழுத்தறியாத கிராமத்து முதியவர்களுக்காக இந்தியில் மாற்றி அமைத்த சோதனை 1995-இல் வெளிவந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கேட்கக்கூடிய கேள்விகளை உண்டாக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அந்தந்த வட்டாரத்துச் சொல்லையும் சரி என்று ஏற்கிற தாள் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் வேண்டும்.

பாட்டி ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை? அய்யன்காளி 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். நம்ம பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்ற நிலையில் வேலைநிறுத்தம் நடந்த நாடு இது. அந்தப் போராட்டத்துக்கு ஒரு தலைமுறை பிந்திப் பிறந்தவளுக்கும் கையில் கிடைத்தது சிலேட்டு அல்ல, வாரியல். இதற்கும் மறதிக்கும் சம்பந்தம் உண்டு. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. பட்டியலில் இளம் வயசில் கல்வி கிடைக்காமை இருக்கிறது. காது கேளாமை, கண் மங்கல், தனிமை, ரத்த அழுத்தம், சர்க்கரை இருக்கின்றன. இந்தியாவில் 60 வயசுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்த நோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெண்களிடமும் கிராமத்தாரிடமும் படிக்காதவர்களிடமும் கூடுதல் என்றது. அந்த மூன்று அடையாளமும் சேர்ந்து வருகிறவர்கள் யார் என்று இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாதாரண முதுமைத் தடுமாற்றத்தையும் நோயையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. சீப்புக்குப் பேர் வராமல் 'அந்தத் தலை சீவுறது' என்றால் பாதை மறிபட்டிருக்கிறது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழித்தால் அர்த்தமே கரைகிறது. ரெண்டாவதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். நேற்றுவரை பேசினவர் இன்று திடீரென்று சொல் குழறினால், முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால் அது பக்கவாதம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாலரை மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்கு வழி. மலைமேல் எஸ்டேட் லைன்களில் இருப்பவர்களுக்கு அந்த நேரம் பஸ்ஸிலேயே போய்விடும்.

தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்வதற்கு என்னிடம் சில நடைமுறை விஷயங்கள் உண்டு. நமது பெரியவர்களிடம் வாக்குமூலம் கேட்கப் போகிறவர்கள் டேப்பை நீட்டிக்கொண்டு 'எந்த வருஷம்? யார் யார்?' என்று கேட்கிறார்கள். பதில் வராது. தேதியும் பேரும்தான் முதலில் மறிபடுபவை. அவற்றையே முதலில் கேட்டால் கிழவி கூசிப்போய் 'எனக்கு ஒண்ணும் தெரியாது மக்கா' என்று மூடிக்கொள்வாள். போலீஸும் வக்கீலும் கேட்கிற முறை அது. நாமும் அதையே கேட்டால் நமது சாட்சிகளை நாமே தள்ளுபடி செய்கிறோம் என்று அர்த்தம்.

பேரை நாம் சொல்ல வேண்டும். பத்துப் பேர் சொன்னால் தெரிந்த பேரில் அவள் நிற்பாள். தெரியாத பேரையும் நடுவில் கலந்து சொல்ல வேண்டும். அப்போதுதான் நமக்காகத் தலையாட்டுகிறாளா, உண்மையிலேயே அறிகிறாளா என்பது தெரியும். முதல் ஒலியை எடுத்துக்கொடுத்தால் பல நேரம் மிச்சம் தானே வரும். பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். சிரட்டையைக் கொடுத்தேன், ஒட்டுப்பாலைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். காது மந்தமானவர்களுக்குக் கத்தக் கூடாது. வயசில் முதலில் மங்குவது மெல்லிய ஒலிகள். ச, த, ட எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். கத்தினால் அவை தெளிவதில்லை, இரைச்சல்தான் கூடும். டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மெதுவாக, முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒற்றைச் சொல்லைவிட வாக்கியம் அவர்களுக்கு எளிது. வாழ்ந்த அனுபவத்தை வைத்துக் கேட்காத சொல்லையும் ஊகித்துப் பிடித்துக்கொள்வார்கள். அதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவள் தேடும்போது அவசரப்பட்டு நம்ம சொல்லை வாயில் திணிக்கக் கூடாது. வந்த சொல்லை வந்தபடியே எழுத வேண்டும். வாரியலைத் துடைப்பமாக்க வேண்டாம். பாமாவின் 'கருக்கு' 1992-இல் நம்ம சனங்களின் பேச்சிலேயே வந்து நின்ற பிறகும் நமக்கு ஏன் அந்தக் கூச்சம்?

எங்களுக்கு மேலே மலையில் காணிக்காரர்கள் இருக்கிறார்கள். பச்சிலைகளின் பேரும் சாத்துப்பாட்டும் அவர்களுடைய பெரியவர்களின் வாயில்தான். அங்கே ஒரு முதியவருக்குச் சொல் மறிபட்டால் அந்தச் செடிக்கே பேர் போய்விடுகிறது. அதைக் கேட்டு எழுத வேண்டியவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்தான். நாம் துணைக்குப் போகலாம்.

இங்கே எஸ்டேட் லைனில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். பழைய சம்பளச் சீட்டு, சங்கத்துச் சந்தா ரசீது, சர்ச் ஞானஸ்நானப் பதிவு எல்லாவற்றிலிருந்தும் அந்தக் காலத்துப் பால்வெட்டுப் பெண்களின் பேரைப் பொறுக்கி எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிழவிகளை உட்கார வைத்து ஒவ்வொரு பேராக உரக்க வாசிக்கிறோம். ஒரு பேருக்குப் பாட்டி 'அவ பாம்பு கடிச்சுச் செத்தா' என்கிறாள். இன்னொரு பேருக்கு 'கூலி கேட்டு மொதல்ல கத்திய கீழ வச்சவ அவதான்' என்று இன்னொரு கிழவி சொல்கிறாள். இதுவரை 41 பேர் ஆகியிருக்கிறது. பாட்டியின் பேரையும் நடுவில் எழுதி வைத்திருக்கிறோம். வாசிக்கும்போது ஒவ்வொரு தடவையும் 'அது நாந்தான்' என்கிறாள். அடுத்த வாரமும் வாசிப்போம். உங்கள் ஊரிலும் இப்படியொரு நோட்டுப் போடுங்கள். கிழவிகள் இருக்கும்போதே போடுங்கள்.